நாலாவது மூலை

அன்று காலை பட்டறையில் இருந்தவர்கள்:

மூத்தவள். பதினொரு வருடமாகப் பட்டறையை நடத்துகிறவள். கையில் டார்ச், உதட்டிடுக்கில் இரண்டு ஸ்க்ரூ.

அப்பா. பட்டறையை ஆரம்பித்தவர். ஆறு வருடமாக ஒரு நட்டைக்கூடத் திருகவில்லை. ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலியை நடுவாசலில்தான் போடுவார். வருகிற வண்டியெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

சின்னவன். மூத்தவளின் தம்பி. வேறு ஊரில் கார் ஷோரூமில் விற்பனை வேலை பார்த்துவிட்டு நான்கு மாதம் முன்பு திரும்பி வந்தவன். பட்டறைக்கும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் வருவான்.

தையல்காரன். மூத்தவளின் கணவன். பட்டறையின் பின்மூலையில் மெஷின் போட்டு கார் சீட்டும், கூரையின் உட்பக்கத்தை மூடும் கூரைத்துணியும் தைக்கிறவன். அதிகம் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து மெஷின் பேசும்.

கடைசியாக, அப்பாவின் கார். வம்பே அதுதான்.

போன வாரம்வரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரின் மேற்கூரைக் கண்ணாடி, அதாவது சன்ரூஃப், ஒழுகியது. மூத்தவள் ரப்பரை மாற்றினாள். மறுபடி ஒழுகியது. கூரைத்துணியை இறக்கி, தண்ணீர் போகும் குழாய்களையெல்லாம் சுத்தம் செய்து கொடுத்தாள். மறுபடி ஒழுகியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்.

"என் வண்டியையே சரி பண்ணத் தெரியலைன்னா ஊரான் வண்டியை என்னன்னு நம்பி வாங்குறது? இன்னும் ஒரே ஒரு தடவை. வியாழக்கிழமை நாலு மணி. அதுக்கப்புறமும் ஒழுகினா பட்டறைச் சாவி சின்னவன் கைக்குப் போயிடும்."

மூத்தவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இன்று வியாழக்கிழமை.

முதலில் மிதியடிகளை உருவிப் போட்டாள். முன்பக்கம் இடதில் கால் வைக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்தினாள். கார்பெட் விரலிடுக்கில் தண்ணீரைக் கக்கியது. முன்பக்கம் வலதில் காய்ந்திருந்தது. பின்பக்கம் இடதும் காய்ந்திருந்தது. பின்சீட்டின் வலது ஓரத்தை அழுத்தினாள். சொதசொதவென்று இருந்தது.

முன்னால் இடது. பின்னால் வலது. எதிரும் புதிருமான மூலைகள். ஒரே ஓட்டை இப்படி ஒழுகாது. ஒரு சாக்பீஸ் எடுத்துத் தரையில் ஒரு கட்டம் போட்டு இரண்டு மூலையில் பெருக்கல் குறி போட்டாள்.

"என்னக்கா, ஜாதகம் கணிக்கிறியா?" என்றான் சின்னவன். கதவில் சாயப் போனவன், சட்டை நினைவு வந்து நிமிர்ந்துகொண்டான். "பேசாம கண்ணாடியைச் சுத்தி சிலிக்கான் பசையை அப்பு. வேலை முடிஞ்சுது."

"ஷோரூம்ல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"கஸ்டமர்கிட்ட அப்படித்தான் சொல்வோம்."

"சன்ரூஃப் ரப்பர் தண்ணியை மொத்தமா நிறுத்தாதுடா. எப்படியும் உள்ள கொஞ்சம் இறங்கும். அதுக்குத்தான் உள்ள சுத்திவர ஒரு வாய்க்கா மாதிரி விட்டிருக்கான். நாலு மூலையிலயும் நாலு குழாய். தூணுக்குள்ள இறங்கி வண்டிக்குக் கீழ போயிடும். தண்ணி வர்றது கோளாறு இல்ல. வந்த தண்ணி போகாததுதான் கோளாறு."

"சரி தாயே. நாலு மணிக்குள்ள போக வை."

பின்மூலையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரன் தலை நிமிரவில்லை.

மூத்தவள் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறினாள். மூக்கு நீண்ட பாட்டிலில் தண்ணீர் பிடித்து முன்பக்கம் வலது மூலையில் ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு குளுக்கென்று இறங்கியது. கதவுக் கீல் பக்கத்தில் சொட்டி, தரையில் பட்டை போட்டது.

"ஒண்ணு சரி."

இடது மூலையில் ஊற்றினாள். தண்ணீர் நின்றது. ஆடாமல் அசையாமல், யார் என்னை என்ன செய்துவிட முடியும் என்பதுபோல் நின்றது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். விளிம்பு தாண்டிக் கூரைத்துணிக்குள் புகுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்தூண் வழியாக இறங்கி கார்பெட்டில் சொட்டியது.

"கம்ப்ரஸர் காத்தை அடிச்சு விடேன்க்கா."

"அடிச்சா உள்ள குழாய் பிச்சுக்கும். அப்புறம் தண்ணி நேரா உன் மடியிலதான் ஊத்தும்."

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் இதே குழாயில் பிரேக் கம்பி விட்டு உருவியிருக்கிறாள். மண்ணும் இலைச் சருகும் வந்தன. அதன்பிறகு, கூரைத்துணியைத் திரும்ப மாட்டுமுன், ஊற்றிய தண்ணீர் நாலு மூலையிலும் நிற்காமல் ஓடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு நாளில் இவ்வளவு அடைப்பு எப்படி வரும்?

மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டாள். மேலேயே, அரை விரல் ஆழத்தில், மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. மாட்டி இழுத்தாள்.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வந்தது.

நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும்போது சத்தம் உறைக்காமல் காதில் வைத்துக்கொள்வது. விரலால் உருட்டி ஒல்லியாக்கி உள்ளே விட்டால், அது உள்ளேயே உப்பி அடைத்துக்கொள்ளும். காதை அடைப்பது குழாயையும் அடைக்கும். உள்ளங்கையில் கிடந்தபடியே அது மெல்ல உப்பியது.

ஸ்டூலில் இருந்து இறங்கினாள். நேராகச் சின்னவனிடம் போனாள்.

"என்னடா இது?"

"எதைக் கேக்கற? அதுவா? காதுல வைக்கிறது."

"குழாய்க்குள்ள இருந்துச்சு. அதுவா நடந்து போய் உட்கார்ந்துக்கிச்சா?"

அவனுக்குப் புரியவே கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது.

"நான் வச்சேங்கறியா? அக்கா, அந்தக் குழாய் எங்க இருக்குன்னே நீ இப்பச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிலிக்கானை அப்புன்னு சொன்னவன் நான்."

அதுவும் சரிதான். இவ்வளவு விவரமாகக் கெடுக்கிறவனுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். தம்பிக்கு வேலை தெரியாது.

அவள் மறுபடி கையைப் பார்த்தாள். அடைப்பான் முழுசாக இல்லை. பாதியாக வெட்டியிருந்தது. நேராக அல்ல, சாய்வாக.

பட்டறைச் சுவரில் அந்த அடைப்பான் டப்பா தொங்குகிறது. மூத்தவள் முழுசாக வைத்துக்கொள்வாள். தையல்காரன் பஞ்சு வைத்துக்கொள்வான். சின்னவனுக்குக் காதில் போன்தான். சாய்வாக வெட்டுகிற ஆள் ஒருவர்தான் உண்டு. பிறக்கும்போதே இடது காது ஓட்டை ஒடுக்கம். முழுசு வைத்தால் வலிக்கும். பிளேடால் பாதியாக, சாய்வாகச் சீவி வைத்துக்கொள்வார். நாற்பது வருடப் பழக்கம்.

நடுவாசலில் நாற்காலி. நாற்காலியில் அப்பாவின் முதுகு. இடது காதில் ஆரஞ்சு நிறம்.

அவள் நடந்துபோய் அவர் முன்னால் நின்றாள். கையை விரித்துக் காட்டினாள்.

அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"காதுல இருக்கறதைக் கொஞ்சம் எடுங்கப்பா."

"என்ன?"

"காதுல இருக்கறதை எடுங்க."

எடுத்தார். அவளே அவர் கையில் இருந்து அதை வாங்கித் தன் உள்ளங்கையில் மற்றதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே சாய்வு. ஒரே பிளேடு. ஒன்று அழுக்கு, ஒன்று ஈரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

"எப்பப்பா வச்சீங்க?"

தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா அந்த சைக்கிள் மறையும்வரை பார்த்தார்.

"நீ ரெண்டாவது தடவை பண்ணிக் கொடுத்த மறுநாள்."

"அப்ப ஒழுகிச்சா?"

"இல்ல."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் பண்ணியிருந்தே. அதுதான் எனக்குச் சங்கடமாப் போச்சு."

சின்னவன் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பையன் திரும்பி வந்துட்டான்," என்றார் அப்பா. "அவனுக்குன்னு ஒண்ணும் இல்ல. பட்டறையைக் குடுன்னு உன்கிட்ட நேராக் கேக்க எனக்கு வாய் வரலை. பதினொரு வருஷம் உழைச்சவகிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது? உனக்கு வேலை வரலைன்னு ஆயிட்டா நான் கேக்க வேண்டியதே இல்ல. நீயே குடுத்துடுவே."

"அதுக்கு என் வேலையைக் கெடுத்தீங்க."

"வேற வழி தெரியலை."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேன்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப மாட்டேன்," என்றாள்.

சின்னவன் தொண்டையைச் செருமினான். "அக்கா, சத்தியமா எனக்கு இது தெரியாது."

"தெரியும்டா, உனக்குத் தெரியாதுன்னு."

"ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. பட்டறை எனக்கு வேணும்தான்."

அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலையில் இருந்து அவள் கேட்ட ஒரே நேர்மையான பேச்சு அதுதான்.

"நாலு மணி கெடு இன்னும் இருக்கில்ல? இருங்க. ஒழுகாத வண்டியைக் குடுத்துட்டு மத்ததைப் பேசறேன். அப்பா, பின்னாடி குழாயில வச்சதை நீங்களே எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

"பின்னாடியா?" அப்பா புருவத்தைச் சுருக்கினார். "பின்னாடி நான் எதுவும் வைக்கலையே. எனக்கு அவ்வளவு தூரம் கை எட்டாது. ஒண்ணே ஒண்ணுதான் வச்சேன்."

"பின்சீட்டு ஈரமா இருக்கு."

"அது எனக்குத் தெரியாதும்மா."

பொய் சொல்லும்போது தெருவைப் பார்க்கிறவர், இந்தமுறை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவள் காருக்குத் திரும்பினாள். தரையில் போட்ட கட்டத்தில் முன்மூலைப் பெருக்கல் குறியைச் செருப்பால் தேய்த்து அழித்தாள். பின்மூலைக் குறி மிச்சம் இருந்தது.

பின்பக்கம் இடதில் ஊற்றினாள். ஓடியது. மூன்று சரி.

பின்பக்கம் வலதில் ஊற்றினாள். நின்றது.

கம்பியை விட்டாள். மேலே அடைப்பு இல்லை. ஒரு சாண் தாராளமாகப் போய் அப்புறம் முட்டியது. மெத்தென்று இல்லை, கெட்டியாக, சுவரில் முட்டுவதுபோல். அந்த ஆழம் கூரைத்துணிக்கு மேலே, உள்ளே. மேலிருந்து யார் கையும் அங்கே போகாது. கூரைத்துணியை இறக்கினால்தான் போகும்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "கூரைத்துணியை இறக்கணும். கொஞ்சம் வாங்க."

மெஷின் நின்றது.

தையல்காரன் எழுந்து வரவில்லை. "அது எதுக்கு? அன்னைக்குத்தானே மாட்டினேன். திரும்பத் திரும்ப இறக்கினா கிளிப்பெல்லாம் உடைஞ்சுடும்."

"உடையட்டும்."

"அடைப்பை எடுத்துட்டே இல்ல? முன்னாடி ஓடுதே. அது போதும்மா. பின்னாடி ஈரம் பழைய ஈரமா இருக்கும்."

பன்னிரண்டு வருடத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"நீங்க இருங்க," என்றாள். "நானே இறக்கிக்கறேன்."

தூண்களின் மூடியைக் கழற்றினாள். கைப்பிடி ஸ்க்ரூக்களை எடுத்தாள். கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். ஒன்றுகூட உடையவில்லை. கூரைத்துணிப் பலகையின் பின்பாதி தாழ்ந்து அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்த இடைவெளிக்குள் தலையை விட்டாள்.

குழாய் அங்கே இருந்தது. தோட்டத்துக் குழாயை மடித்துத் தண்ணீரை நிறுத்துவார்களே, அதுபோல இரண்டாக மடித்து, நூலால் கட்டியிருந்தது.

மெழுகு பூசிய கருப்பு நூல். மூன்று சுற்று. முடிச்சு அடியில் இழுத்து மறைத்திருந்தது. நூல் நுனியை லைட்டரால் சுட்டுச் சின்ன மணியாக உருட்டியிருந்தது, பிரிந்து வராமல் இருக்க.

அந்த முடிச்சு அவளுக்குப் புதிதல்ல. அவள் போட்டிருந்த வேலைச்சட்டையின் மேல்பொத்தான் அதே நூலில், அதே மூன்று சுற்றில், அதே கருகிய மணியோடுதான் நின்றுகொண்டிருந்தது. போன மாதம் பொத்தான் அறுந்தபோது, கழற்றக்கூட வேண்டாம் என்று, அவள் நின்றபடியே தைத்துக் கொடுத்தான்.

டார்ச் பல்லில் இருந்ததால் அவளால் சத்தம் போட முடியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

"என்னம்மா இருக்கு அங்க?" வெளியே அப்பாவின் குரல்.

பிளேடால் நூலை அறுத்தாள். முடிச்சை முடிச்சாகவே சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். குழாயை நீவி நேராக்கினாள். மடிந்த இடம் வெளுத்துப்போய் விரிசல் விட்டிருந்தது. அந்த இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டு, இணைப்பான் போட்டு, கவ்வியை மாட்டி இறுக்கினாள். பிறகுதான் தலையை வெளியே எடுத்தாள்.

"குழாய் மடங்கியிருந்துச்சு," என்றாள்.

"தானாவா?"

"மாட்டும்போது மடங்கியிருக்கும்."

தையல்காரன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். மூன்றுமுறை தவறியது. இருட்டிலும் நூல் கோக்கிற கை அது.

கூரைத்துணியை அவளே திரும்ப மாட்டி முடித்தபோது மணி மூன்றே முக்கால். ஹோஸை அப்பாவின் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே அடிங்க. அப்புறம் நான் மெதுவா அடிச்சேன்னு யாரும் சொல்லக்கூடாது."

அப்பா எழுந்தார். கூரை மேல் பத்து நிமிடம் தண்ணீர் அடித்தார். முதலில் மனசில்லாமல், பிறகு பழைய வேலைக்காரனின் புத்தி எட்டிப்பார்க்க, மூலை மூலையாகப் பிடித்து அடித்தார். நான்கு குழாயும் நான்கு பக்கமும் ஓடியது. உள்ளே சின்னவன் வெள்ளைத்தாளை வைத்து எல்லா இடத்தையும் ஒற்றினான். ஒற்றி முடித்து நான்கு தாளையும் அப்பாவிடம் நீட்டினான்.

"ஒரு சொட்டு இல்லப்பா."

அப்பா தாள்களை வாங்கவில்லை. இடுப்பில் இருந்து பட்டறைச் சாவிக்கொத்தை எடுத்தார். இரண்டாவது கொத்து, அவர் பெயருக்கு வைத்திருப்பது. கார் பானட் மேல் வைத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்து போனது தெரிந்தது. அதை அவர் சொல்லவில்லை, அவளும் காத்திருக்காமல் கொத்தை எடுத்துக்கொண்டாள்.

"சீட்டை ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க," என்றாள். "இல்லைன்னா நாறும்."

சின்னவன் ஓட்டினான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி வாசலைத் தாண்டும்போது சின்னவன் பிரேக் போட்டான். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். அக்காவைப் பார்க்கவில்லை. பின்மூலையைப் பார்த்துக் கத்தினான்.

"மாமா, இன்னைக்காவது அக்காகிட்ட சொல்லிடுங்க. எத்தனை நாள்தான் நானும் வாயை மூடிக்கிட்டு இருக்கறது?"

வண்டி போய்விட்டது.

மூத்தவள் ஷட்டரை இழுத்து இறக்கினாள். பட்டறைக்குள் பாதி இருட்டானது. பக்கத்தில் இருக்கும் சின்ன இரும்புக் கதவு மட்டும் திறந்திருந்தது. தையல்காரன் மெஷினுக்கு உறை போட்டு, ஊசி டப்பாவைப் பையில் வைத்து, டிபன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். தினமும் அவள் பையையும் அவன்தான் தூக்குவான். இன்றைக்கும் கை நீட்டினான்.

அவள் சட்டைப்பையில் இருந்த முடிச்சை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். தெரியாதவன்போல் நடிக்கவில்லை. அந்த மட்டும் மிச்சம்.

"அவங்க முன்னாடி ஏன் சொல்லலை?" என்றான்.

"எங்கப்பா பண்ணினதுக்கு நான் அழலாம். நீங்க பண்ணினதைச் சொன்னா எங்கப்பா சிரிப்பாரு."

"உங்கப்பா வச்சது எனக்குத் தெரியாது. நான் தனியாத்தான்..."

"தெரியுது. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டிருந்தா ஒரு மூலை போதுமே."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

நாக்கு நுனிவரை வந்தது. ஏன்? தம்பிக்குத் தெரிந்து தனக்குத் தெரியாத அந்த விஷயம் என்ன? இந்தப் பட்டறை போனால் இவனுக்கு என்ன வரும்? பன்னிரண்டு வருடம் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட ஆள். கேட்டால் சொல்லிவிடுவான். சொன்னால் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் மன்னிக்க வேண்டி வரலாம். இன்றைக்கு அதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

"சொல்றதுக்குப் பன்னிரண்டு நாள் இருந்துச்சு," என்றாள். "தினமும் பக்கத்துலதான் படுத்திருந்தீங்க."

"நான் சொல்ல வந்தது..."

"கதவுகிட்ட தலை குனிஞ்சு போங்க. மேல கம்பி இடிக்கும்."

அவன் குனிந்து வெளியே போனான். இரண்டடி நடந்து, வழக்கம்போல் அவள் பின்னால் வருவாள் என்று நின்றான். பிறகு திரும்பிப் பார்த்தான்.

"நீ வரலையா?"

அவள் இரும்புக் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அப்பா வைத்துவிட்டுப் போன கொத்தில் இருந்து சரியான சாவியை எடுத்து, உள்ளிருந்து இரண்டு சுற்றுப் பூட்டினாள்.